கண்ணுக்குள் செம்பு வளையம்: வில்சன் நோயைச் சந்தேகிப்பது முதல் குளிசையைத் தவறவிடாமல் இருப்பது வரை

என் தம்பிக்கு இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. ஒன்று ஈரலுக்கு, மற்றது மனநலப் பிரிவுக்கு. 14 வயதில் அவனுக்குச் செங்கமாரி, அதாவது மஞ்சட்காமாலை, வந்தது, கீழ்க்காய்நெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம், கொஞ்ச நாளில் கண் வெளுத்துவிட்டது, ஆனாலும் இரத்தத்தில் ஈரல் சரியில்லை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். 17 வயதில், உயர்தரம் படிக்கிற பிள்ளையின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரிச் சிறுத்துக்கொண்டே வந்தது, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கியது, எதற்கெடுத்தாலும் கோபம், கோபம் அடங்கினால் அழுகை. அது வேறு கட்டடத்தில் வேறு கொப்பியில் எழுதப்பட்டது. இரண்டு வருடமாக அந்த இரண்டு கொப்பிகளும் ஒரே மேசையில் இருந்ததே இல்லை. ஒருநாள் அவசரத்தில் அம்மா இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு போனா. இரண்டையும் புரட்டிப் பார்த்த ஒரு இளம் வைத்தியர் பேனையை வைத்துவிட்டு, தம்பியை அப்போதே கண் கிளினிக்குக்கு அனுப்பினார். அன்றைக்குத்தான் வில்சன் நோய் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டோம்.

ஈரலையும் நரம்பையும் ஒன்றாகப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்காத இடத்தில் அந்த வேலையை வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டியிருக்கிறது. எப்படிச் செய்வது என்று நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும், வைத்தியர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும், அதில் மட்டும் யாருடைய எழுத்தையும் நம்பி மாற்றிவிடாதீர்கள், என் எழுத்தையும்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

செம்பு நம் எல்லோருக்கும் கொஞ்சம் தேவை, சாப்பாட்டிலிருந்து கிடைத்துவிடும். மிஞ்சியதை ஈரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குள் தள்ளி வெளியேற்றும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தத் தள்ளும் வேலையைச் செய்கிற ஏ.டி.பி.7பி என்ற மரபணு பழுது. அதனால் பிறந்த நாளிலிருந்து செம்பு ஈரலிலேயே தேங்குகிறது, ஈரல் நிரம்பியதும் இரத்தத்தில் வழிந்து மூளையிலும் சிறுநீரகத்திலும் கண்ணிலும் படிகிறது. கண்ணின் கருவிழியைச் சுற்றி, அதன் மேல் உள்ள கண்ணாடி போன்ற படலத்தில், பொன்னும் பச்சையும் கலந்த பழுப்பில் ஒரு வளையம் விழும். 1902இல் கைசர், 1903இல் பிளைஷர் என்ற இரண்டு ஜெர்மன் கண் வைத்தியர்கள் எழுதிவைத்ததால் அந்த வளையத்துக்கு அவர்கள் பெயர். நோயை ஒரு முழு உருவமாக விவரித்தவர் லண்டனில் இருந்த கின்னியர் வில்சன், 1912இல். அப்போது மருந்து இல்லை, பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தார்கள். 1956இல் ஜோன் வோல்ஷ் என்ற வைத்தியர் பெனிசிலமைன் என்ற மருந்தைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. நேரத்தோடு பிடித்தால் மருந்தால் அடக்கக்கூடிய பரம்பரை நோய் இது என்பதால்தான் இரண்டு வருடம் தவறவிட்டது எனக்கு இன்றும் நெஞ்சுக்குள் குத்துகிறது.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். சின்னப் பிள்ளைகளிடம் ஈரல் முந்தும்: திரும்பத் திரும்ப வருகிற செங்கமாரி, வயிறு வீங்குதல், கால் வீங்குதல், காரணம் தெரியாமல் ஈரல் பரிசோதனை எண்கள் ஏறிக்கிடப்பது. 'கொழுப்பு ஈரல்' என்று எழுதியிருப்பார்கள், ஆனால் பிள்ளை மெலிந்த பிள்ளையாக இருக்கும், அப்படியானால் ஒரு கேள்வி கேளுங்கள். பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் மூளை முந்தலாம்: நடுக்கம், கொன்னைப் பேச்சு, வாயால் வீணீர் வடிதல், விழுங்கக் கஷ்டம், கழுத்தும் கையும் முறுக்கிக்கொள்வது, படிப்பு திடீரென்று விழுவது, குணம் மாறுவது.

இந்தக் குணம் மாறுவதில்தான் எங்கள் ஊர்களில் அதிக காலம் வீணாகிறது. பிள்ளைக்குக் காதல் பிரச்சினை என்பார்கள், ரியூசனுக்குக் கள்ளம் அடிக்கிறான் என்பார்கள், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்பார்கள். எங்கள் வீட்டிலும் நூல் கட்டினோம். கோயிலில் நூல் கட்டுவதையும் பள்ளிவாசலில் தண்ணி ஓதிக் குடிப்பதையும் நான் குறை சொல்லவில்லை, மனதுக்கு அது ஒரு பிடி. அதே கிழமையில் கண் கிளினிக்குக்கும் போய்விடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இளவயதில் விளக்கம் இல்லாத ஈரல் வருத்தமும், நடுக்கமோ பேச்சு மாற்றமோ மனக்குழப்பமோ ஒருவரிடமே இருந்தால், வைத்தியரிடம் நேராகக் கேட்கலாம்: "டொக்டர், இது வில்சனாக இருக்குமோ, பார்த்திட்டீங்களா?" கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்படாதீர்கள். எங்களுக்கு வாய்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேள்வியை மரியாதையாகத்தான் எடுத்தார்கள்.

கிளினிக்குக்குப் போக முதல்

ஒரு தாளில் வருடவாரியாக எழுதுங்கள்: எப்போது செங்கமாரி, எப்போது நடுக்கம், எந்த வாட்டில் எத்தனை நாள், என்ன மருந்து. எல்லாக் கொப்பிகளும் எல்லா ரிப்போட்டுகளும் ஒரே பையில். கையெழுத்து மாறியிருந்தால் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றும் புதியது ஒன்றும் கொண்டுபோங்கள், ஒரு வரி பேசாமலேயே அது பேசும். நடுக்கத்தைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் வைத்தியருக்கு முன்னால் இருக்கிற இரண்டு நிமிடத்தில் கை நடுங்காமலும் இருக்கலாம். களுவாஞ்சிக்குடியோ அக்கரைப்பற்றோ கல்முனையோ, எந்த வைத்தியசாலையில் தொடங்கினாலும், அங்கே கண் வைத்தியர் வருகிற நாள் எது, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு, அனுப்பும் கடிதத்தில் 'ஈரல் வருத்தமும் நடுக்கமும் சேர்ந்து' என்று இரண்டையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பரிசோதனைகள்

முதலாவது கண். நம்மவர்களின் கருவிழி கறுப்பு, அல்லது கடும் மண்ணிறம், அதனால் வளையம் விழுந்திருந்தாலும் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. வெள்ளைக்காரரின் நீலக் கண்ணில் தெரிகிற படங்களைப் போனில் பார்த்துவிட்டு, பிள்ளையின் கண்ணை ரோர்ச் அடித்துப் பார்த்து 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள், நான் அப்படித்தான் ஏமாந்தேன். தாடையை ஒரு தட்டில் வைத்து, மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாக விட்டு, பெருக்கிப் பார்க்கிற ஸ்லிட் லாம்ப் கருவியால்தான் பார்க்க வேண்டும். வலி இல்லை, ஐந்து நிமிடம்கூட எடுக்காது. மூளை பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வளையம் இருக்கும். ஈரல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஆகவே வளையம் இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, இரத்தத்தில் செருலோபிளாஸ்மின். செம்பைச் சுமக்கிற புரதம் அது. வழமையாக ஒரு டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும், 10க்குக் கீழே போனால் சந்தேகம் பலக்கிறது. ஆனால் உடம்பில் அழற்சி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போட்டாலோ இந்த எண் பொய்யாக ஏறி நிற்கும். இந்த ஒரு ரிப்போட் சரி என்பதால் மட்டும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

மூன்றாவது 24 மணிநேரச் சிறுநீர். இதில்தான் எங்களுக்கு இரண்டு தரம் பிழை வந்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். மருந்து தொடங்க முதல் எடுக்க வேண்டும். போத்தலை ஆய்வுகூடமோ கிளினிக்கோ தருவதையே வாங்குங்கள், வீட்டில் கிடக்கிற சோடாப் போத்தல் சரிவராது, உலோகம் படாத சுத்தமான பிளாஸ்டிக் வேண்டும். காலையில் எழும்பியதும் போகிற முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு அந்த நேரத்தை எழுதுங்கள், உதாரணமாக 6 மணி. அதற்குப் பிறகு பகல், இரவு என்று ஒரு சொட்டும் விடாமல் போத்தலுக்குள். அடுத்த நாள் அதே 6 மணிக்குப் போகிற சிறுநீரையும் சேர்த்துவிட்டு மூடுங்கள். பிடிப்பதற்கும் பிளாஸ்டிக் கோப்பைதான், செம்பு, பித்தளை, அலுமினியம் எதுவும் கிட்டே வரக்கூடாது. எங்கள் வெக்கைக்கு வெளியே வைத்தால் கெட்டுவிடும், குளிர்ப்பெட்டியில் இரண்டு பைகளால் சுற்றி வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற நாளில் தொடங்கினால் நடுவில் ஒருதரம் வெளியே போய்விடும், அத்தோடு முழு முயற்சியும் வீண், ஆகவே வீட்டில் நிற்கிற நாளில் தொடங்குங்கள். முடிகிற நாள் போயா விடுமுறையாகவோ சனி ஞாயிறாகவோ வராமல் கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள், கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாமல் போகும். முடிவில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் வில்சனை வலுவாகச் சொல்லும், பிள்ளைகளில் 40க்கு மேல் போனாலே கவனமாகப் பார்ப்பார்கள்.

மூன்றும் சேர்ந்தும் தெளிவில்லை என்றால் மூளைக்கு எம்.ஆர்.ஐ ஸ்கேன், ஈரலில் சிறு துண்டு எடுத்துச் செம்பை அளப்பது, மரபணுச் சோதனை என்று போவார்கள். அதற்கெல்லாம் கொழும்புப் பயணம் வரலாம். உதயதேவி ரயிலில் போவதோ இரவு பஸ்ஸில் போவதோ, மேலே சொன்ன பை கூடவே போக வேண்டும்.

தாய்வழிக் குடி வேறு என்பதால் இரத்தம் வேறாகிவிடாது

ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்று உறுதியானால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, கூடப்பிறந்த எல்லோரையும் சோதிப்பது. தாயிடமிருந்து ஒரு பழுதான மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்றும் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒவ்வொன்று மட்டும் வைத்திருக்கிற தாய் தகப்பனுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி எதுவும் இல்லாத தங்கைக்கு இப்போதே கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் அவவுக்கு நடுக்கமே வராமல் தடுக்கலாம். எனக்கு 22 வயதில் இந்த மூன்று பரிசோதனைகளும் செய்தார்கள், எனக்கு இல்லை. தங்கைக்கு இருந்தது. அவ இன்றைக்கு ஓடியாடித் திரிகிறா, ஒரு நாள்கூட கை நடுங்கியதில்லை. தம்பிக்குப் பிந்தியாவது கண்டுபிடித்தது அவவைக் காப்பாற்றியது என்று அம்மா சொல்லுவா, சொல்லும்போது குரல் உடைந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது முதலில் கேட்பது "என்ன குடி?" தாய்வழியாக வருகிற குடி ஒன்றாக இருந்தால் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. குடி வேறு என்றால் சரி. தமிழரிடமும் இருக்கிறது, முஸ்லிம்களிடமும் இருக்கிறது. இதைக் கேட்டு வளர்ந்ததால், குடி வேறு என்றால் இரத்தமும் வேறு என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மச்சானும் மச்சாளும், அதாவது தாய்மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும், எப்போதும் வேறு வேறு குடிதானே? அவர்கள் இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு இருவருக்கும் பொதுவாக வந்திருக்கும். தாத்தாவிடம் பழுதான ஒன்று இருந்திருந்தால் அது இரண்டு பக்கத்தாலும் இறங்கிவந்து பேரப்பிள்ளையின் பிள்ளையில் சந்திக்க முடியும். எங்கள் அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சாள் மச்சான். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானவர்களின் பிள்ளைகள் நல்ல சுகமாகவே இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு வில்சன் வந்துவிட்டால், அதே சொந்தத்துக்குள் அடுத்த கலியாணம் பேச முதல் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மறைத்துவைத்தால் பாரம் பிறக்கப்போகிற பிள்ளையின் தலையில்தான் விழும்.

குளிசை

பெனிசிலமைன் செம்பைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும். வெறும் வயிற்றில் போட வேண்டும்: சாப்பிட ஒரு மணித்தியாலத்துக்கு முதல், அல்லது சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து. கூடவே விற்றமின் பி6 தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். இரும்புக் குளிசை போடுகிறவர் என்றால் இரண்டையும் ஒன்றாக விழுங்கக்கூடாது, இடைவெளி வேண்டும். தொடக்கத்தில் காய்ச்சல், தோலில் தடிப்பு வரலாம், பிறகு சிறுநீரில் புரதம் போகலாம், இரத்த அணுக்கள் குறையலாம். அதற்காகத்தான் அடிக்கடி இரத்தமும் சிறுநீரும் கேட்பார்கள், அலுப்பாக இருந்தாலும் கொடுங்கள். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நரம்பு பாதிக்கப்பட்ட சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில் நடுக்கமும் பேச்சும் கூடவே மோசமாகலாம். தம்பிக்கு அப்படி வந்தபோது, "மருந்துதான் பிள்ளையைக் கெடுக்குது" என்று மாமா குளிசையைத் தூக்கி எறியப் பார்த்தார். நிறுத்தாதீர்கள், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள், அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றுவார் அல்லது மருந்தை மாற்றுவார். ட்ரயன்டீன் என்று மாற்று மருந்து இருக்கிறது.

சிங்க் வேறு விதமாக வேலை செய்யும், குடலிலேயே செம்பை உறிஞ்ச விடாமல் தடுக்கும். அறிகுறி இல்லாமல் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும், செம்பு இறங்கிய பிறகு தொடர்ந்து போடுவதற்கும் அதிகம் கொடுப்பார்கள். சிங்க் குளிசைப் பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: 220 மில்லிகிராம் சிங்க் சல்பேற்றில் உண்மையான சிங்க் 50 மில்லிகிராம்தான். வயிற்றோட்டத்துக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சிங்க் குளிசையை பாமசியில் வாங்கி 'இதுவும் அதுதானே' என்று போட்டுவிடாதீர்கள். பெனிசிலமைனும் சிங்கும் இரண்டுமே எழுதியிருந்தால் ஒரே நேரத்தில் போடக்கூடாது, ஒன்றையொன்று கெடுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய விசயம்: சுகமாகிவிட்டது என்று நிறுத்துவது. இது வாழ்நாள் மருந்து. நல்லாக இருக்கிறவர் குளிசையை விட்டால் சில மாதங்களிலேயே ஈரல் முற்றாகச் செயலிழந்து போகலாம், அப்போது ஈரல் மாற்று சத்திரசிகிச்சைதான் மிச்சம். கர்ப்பமானாலும் நிறுத்தக்கூடாது, அளவை வைத்தியர் சரிசெய்வார். நோன்பு பிடிக்கிறவர்கள் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் குளிசையை எப்படிப் பிரிப்பது என்று ரமழான் தொடங்க முதலே கேளுங்கள், கந்தசஷ்டி பிடிக்கிறவர்களும் அப்படித்தான். தங்கை போனில் அலாரம் வைத்திருக்கிறா, தம்பிக்கு அம்மாதான் அலாரம்.

சாப்பாடு

முதல் வருடம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். ஈரல், மட்டி, நண்டு, இறால், கணவாய், மரமுந்திரிகைப் பருப்பு, நிலக்கடலை, எள்ளு, காளான், சொக்லேட், இவற்றில் செம்பு அதிகம். வாவிக்கரையில் பிறந்தவனிடம் நண்டையும் இறாலையும் விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மீன் இருக்கிறது, அதற்குத் தடை இல்லை. சோறு, முட்டை, பால், தயிர், பெரும்பாலான மரக்கறி எல்லாம் சரி. எண்கள் இறங்கிய பிறகு வைத்தியரைக் கேட்டுக் கொஞ்சம் தளர்த்தலாம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பத்தியத்தால் மட்டும் இந்த நோய் அடங்காது, குளிசை இல்லாமல் நண்டை விட்டுப் பிரயோசனமில்லை.

செப்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள், இவர்களுக்கு அது ஆகாது. புளி போட்டுச் சமைக்கப் பித்தளைச் சட்டியும் வேண்டாம். நாட்டு மருந்தில் தாமிர பற்பம் என்று ஒன்று இருக்கிறது, அது செம்பையே எரித்துச் செய்த பொடி. ஈரலுக்கு மருந்து கொடுக்கிறவரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லுங்கள், பொடியில் என்ன இருக்கிறது என்று சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். கசிப்பு, சாராயம், பியர், எதுவும் கூடாது. மஞ்சட்காமாலைத் தடுப்பூசிகள், அதாவது ஏ, பி இரண்டும், போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்சன் இல்லை என்று வந்தால்

உடம்புக்குள் நிறம் படிகிற நோய்கள் வேறும் உண்டு. சிறுநீரைக் கொஞ்ச நேரம் வைத்தால் கறுத்துப் போகிறது, குழந்தையின் துணியில் கறுப்புக் கறை, முப்பதுகளில் முதுகு வலி, காது மடல் நீலம் பாய்கிறது என்றால் அல்காப்டோனூரியாவைச் சோதிப்பார்கள். கண் அடிக்கடி மஞ்சளாகி, ஈரல் பரிசோதனையின் மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தால் டூபின் ஜோன்சன் என்ற நிலை இருக்கலாம், ஈரலே கறுப்பாக மாறும், ஆனாலும் ஆபத்து இல்லை, மருந்தும் தேவையில்லை. தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளுக்கு இரும்பு படிந்து தோல் கறுக்கும், இதயமும் ஈரலும் பாதிக்கும், அந்த இரும்பை இறக்க வேறு மருந்து உண்டு. நடந்து, பேசிய குழந்தை இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு வலிப்பு வந்து, கற்றதை எல்லாம் மறந்து, பார்வையும் மங்கினால் அது நரம்புக் கலங்களில் ஒருவகை நிறப்பொருள் தேங்குகிற நோயாக இருக்கலாம், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சிறுவர் நரம்பியல் வைத்தியரிடம் போக வேண்டும்.

மாரிக்கு முதல்

பெனிசிலமைன் எல்லாப் பாமசியிலும் கிடைக்காது, சிலநேரம் வைத்தியசாலையிலேயே முடிந்துவிடும். கார்த்திகை மார்கழியில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்தால் பாதை மூடும், கிளினிக் நாள் தவறும். ஆகவே ஐப்பசியிலேயே வைத்தியரிடம் நிலைமையைச் சொல்லி இரண்டு மாதத்துக்கு எழுதுவித்து வாங்கிவிடுங்கள். மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவில் குளிசை, அதோடு கிளினிக் கொப்பி, கடைசி ரிப்போட், நோயின் பெயரும் மருந்தின் அளவும் தெளிவாக எழுதிய ஒரு துண்டு. வீட்டை விட்டு இடம்பெயர வேண்டி வந்தால் அடையாள அட்டையோடு முதலில் எடுக்க வேண்டியது அந்த டப்பா. எங்கள் வீட்டில் அது சாமியறைத் தட்டின் மேல்தட்டில் இருக்கிறது, தம்பியுடையது நீல மூடி, தங்கையுடையது சிவப்பு மூடி.